கண்டக்டர் ஏழுமலையைத் தூங்கவிடாத ஆப்பரேஷன்

1. வாசலில் வந்து நின்ற பஸ்

நான் ஆரணியில் மயக்க மருந்து டாக்டர். நோயாளிகள் ஆட்டோவில் வந்து பார்த்திருக்கிறேன், நெல் மூட்டைகளுக்கு நடுவே டிராக்டரில் வந்து பார்த்திருக்கிறேன், ஒரு முறை கல்யாண மாப்பிள்ளையின் அலங்காரக் காரில்கூட ஒருவர் வந்து இறங்கினார். ஆனால் ஒரு முழு பஸ், உட்கார்ந்தவர்களும் நின்றவர்களுமாக எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது ஒரே ஒரு தடவைதான்.

முகூர்த்த மாதம். காலையில் இரண்டு கேஸ் முடித்துவிட்டு வாசல் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலை போகும் தனியார் பஸ் ஒன்று, போகவேண்டிய ரோட்டை விட்டுவிட்டு எங்கள் சந்துக்குள் திரும்பியது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கி, பின்பக்கம் ஓடி, கண்டக்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறக்கினார்.

"டாக்டரம்மா, எங்க கண்டக்டருக்கு கை ஜில்லுனு ஆயிடுச்சும்மா. நல்லாத்தான் டிக்கெட் போட்டுகினு இருந்தான். திடீர்னு மிஷின் கீழ வுழுந்துடுச்சு. பாத்தா கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பூட்சு."

டிரைவர் பெயர் தணிகாசலம். கண்டக்டர் ஏழுமலை, ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உடம்பு. வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்திருந்தார். வலியில் முகம் வேர்த்திருந்தது. நான் டீ கிளாஸை வைத்துவிட்டு அந்தக் கையைத் தொட்டேன். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தது போல இருந்தது. மணிக்கட்டில் பல்ஸ் இல்லை. முழங்கை மடிப்பிலும் இல்லை. இடது மணிக்கட்டைப் பிடித்தேன். அங்கே பல்ஸ் இருந்தது, ஆனால் தாளம் தப்பித் தப்பி ஓடியது.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குமா உங்களுக்கு?"

"எப்பவாச்சும் அடிக்கும். காபி அதிகமா குடிச்சதால இருக்கும்னு நெனச்சேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும்போது உள்ளே ரத்தம் சரியாக நகராமல் தேங்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகும். அந்த கிளாட் கழன்று வந்து கைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் இதற்குள் வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள். "வாயுப் புடிச்சிருக்கும்மா" என்று ஒரு ஜன்னல். "நல்லெண்ண போட்டு நல்லா நீவி வுட்டா சரியாப் பூடும்" என்று அடுத்த ஜன்னல். பட்டுப்புடவை மூட்டையை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர் உதவி செய்யக் கீழேயே இறங்கிவிட்டார், ஏழுமலையின் கையைத் தேய்க்கக் கை நீட்டினார்.

"யாரும் கைய நீவாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரரே பாலாற்றுவதை நிறுத்திவிட்டார்.

2. கைக்கும் மூளைக்கும் ஒரே குழாய்

எங்கள் ஊரில் ரத்தக்குழாய் ஆப்பரேஷன் டாக்டர் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் வெளியூரிலிருந்து டாக்டர் பஷீர் வந்து போவார். தறியிலும் கடையிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களின் நரம்புச் சுருளையும், சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணையும் பார்ப்பார். இளைஞர்தான், ஆனால் கை நிதானமானது. அன்றைக்கு அவர் வரும் நாள் என்பது ஏழுமலையின் நல்ல நேரம். கிளம்புவதற்காக ஷூ மாட்டிக்கொண்டிருந்தவரை நான் அப்படியே ஒற்றைக் கால் ஷூவோடு கூட்டி வந்தேன்.

டாப்ளர் வைத்துப் பார்த்தார். தோள் வரைக்கும் ரத்த ஓட்டத்தின் சத்தமே இல்லை. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க உடனே ஹெப்பாரின் ஊசி போட்டோம். பக்கத்து ஸ்கேன் சென்டரில் ஆஞ்சியோ எடுத்தோம். படத்தைப் பார்த்ததும் பஷீர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"மேடம், கிளாட்டோட தலை எங்க உட்கார்ந்திருக்கு பாருங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வலது பக்கத்தில், இதயத்திலிருந்து ஒரு பெரிய குழாய் புறப்பட்டு மேலே வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கைக்குப் போகிறது. மற்றது கழுத்து வழியாக மூளைக்குப் போகிறது. ஏழுமலையின் கிளாட் கைக்குழாயை அடைத்துக்கொண்டு, தலையை மட்டும் அந்தப் பிரிவு வரை நீட்டிக்கொண்டிருந்தது.

சாதாரணமாக இந்த ஆப்பரேஷன் பெரிய விஷயம் இல்லை. முழங்கைக்கு மேல் சின்னதாகக் கீறி, குழாய்க்குள் மெல்லிய பலூன் கதீட்டரை விட்டு, கிளாட்டைத் தாண்டியதும் பலூனை ஊதி, பின்னால் இழுத்தால் கிளாட் கூடவே வந்துவிடும். ஆனால் இங்கே அதைத் தாண்டுவதென்றால் அந்தப் பிரிவு வரை போக வேண்டும். அங்கே போய் அசைக்கும்போது ஒரு துணுக்கு உடைந்தாலும் அது கழுத்துக் குழாயில் நுழைந்து மூளைக்குப் போய்விடும். கையைக் காப்பாற்றப் போய் ஸ்ட்ரோக்கைக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பெரிய ஊருக்கு அனுப்பலாமா என்று யோசித்தோம். ஏழுமலையின் விரல்களைக் குத்திப் பார்த்தேன். தெரியவில்லை என்றார். விரலை மடக்கச் சொன்னேன். பாதிதான் மடங்கியது. போகிற வழியிலேயே கை போய்விடும்.

பஷீர் சொன்னார். "கழுத்துலயும் சின்னதா ஓபன் பண்ணி, மூளைக்குப் போற குழாய வெளியில எடுத்து வெச்சிக்கறேன். பலூனை இழுக்கற நேரத்துக்கு மட்டும் அத கிளாம்ப் பண்ணி மூடிடலாம். துணுக்கு உடைஞ்சாலும் மேல போக வழி இருக்காது."

"மூடியிருக்கற நேரத்துல அந்தப் பக்க மூளைக்கு ரத்தம் பத்தலன்னா?"

"அதுதான் மேடம் என் பயமும். தூங்கிட்டு இருந்தார்னா நமக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப தூங்க வைக்க வேணாம்" என்றேன்.

என் வாயாலேயே அதைச் சொன்னது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பயிற்சிக் காலத்தில் கழுத்து ஆப்பரேஷனை நோயாளி விழித்திருக்கும்போதே செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, நோயாளியைப் பேச வைத்துக்கொண்டே இருப்பார்கள். பேச்சு குழறினாலோ, எதிர்ப்பக்கக் கை தளர்ந்தாலோ மூளைக்கு ரத்தம் பற்றவில்லை என்று அர்த்தம். எந்த மானிட்டரும் அதைவிடச் சீக்கிரம் சொல்லாது.

ஏழுமலையிடம் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"கை போனா டிக்கெட் குடுக்க முடியாது. வாய் கோணிகினா ஸ்டாப்பு சொல்ல முடியாது. எனக்கு ரெண்டுமே வேணும் டாக்டர்."

"ரெண்டையும் காப்பாத்தத்தான் இவ்வளவு பேச்சு" என்றார் பஷீர்.

சம்மதக் கையெழுத்தை இடது கையால் போட்டார். போட்டதைத் தானே பார்த்து, "இது என் கையெழுத்துன்னு எங்க வீட்டுக்காரியே ஒத்துக்க மாட்டா" என்றார். தணிகாசலம் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார்.

3. மஞ்சள் வாத்து

வலது பக்கக் கழுத்துக் குழாய் பார்த்துக்கொள்வது வலது மூளையை. வலது மூளை பார்த்துக்கொள்வது இடது கையை. ஆகவே இடது கை வேலை செய்கிறதா என்று எனக்கு விடாமல் தெரிய வேண்டும். அமுக்கினால் சத்தம் போடும் ஏதாவது ஒன்று வேண்டும் என்றேன். ஓ.டி. சிஸ்டர் மேரி குழந்தைகள் வார்டுக்கு ஓடிப்போய் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தோடு திரும்பி வந்தார்.

ஏழுமலை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

"நான் 'ம்' சொல்றப்பல்லாம் அமுக்கணும். அதோட நிறுத்தாம பேசிகிட்டே இருக்கணும்."

அமுக்கினார். கீச் என்றது. டேபிளில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த பஷீர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கழுத்தில் ஊசி போட்டேன். கையிலும் பஷீர் மரத்துப்போக ஊசி போட்டார். முகத்துக்கு மேலே பச்சைத் துணியைக் கூடாரம் போலக் கட்டி, அதற்குள் நானும் தலையை நுழைத்துக்கொண்டேன். அவர் முகமும் என் முகமும் மட்டும் உள்ளே.

பேச வைப்பதுதான் பெரிய பேஜாராகிவிட்டது. காலையிலிருந்து இரவு வரை தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், பச்சைத் துணிக்குள் போனதும் ஊமையாகிவிட்டார். பிள்ளைகள் எத்தனை பேர் என்றேன். "ரெண்டு." என்ன படிக்கிறார்கள்? "படிக்கிறாங்க." வீடு சொந்த வீடா? "ம்." பயத்தில் உதடு காய்ந்திருந்தது. இப்படிப் பேசினால் குழறலை நான் எங்கே கண்டுபிடிப்பது?

கடைசியில், "இந்த வண்டி எங்க போற வண்டிங்க?" என்று கேட்டேன்.

குரலே மாறிவிட்டது. "திருண்ணாமலெ! திருண்ணாமலெ! களம்பூர் போளூர் கலசப்பாக்கம் திருண்ணாமலேய்! உள்ள ஏறும்மா, உள்ள எடம் கீது!"

துணிக்கு அந்தப் பக்கம் பஷீர் கையை எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். "மேடம், கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்று குரல் வந்தது.

"மெதுவா, ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிகினே வாங்க" என்றேன். எனக்கும் அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டு. மணிக்கூண்டு. ரைஸ்மில்லு. கூட்ரோடு. பால் சொசைட்டி. எனக்குத் தெரியாத நிறுத்தங்களெல்லாம் வரிசையாக வந்தன. இடையிடையே நான் "ம்" போட்டேன், வாத்து கீச்சிட்டது. பஷீர் கழுத்துக் குழாயைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டார். கைக்குழாயையும் திறந்து தயாராக வைத்தார்.

"டெஸ்டுக்காக ஒரு தடவை கிளாம்ப் போட்டுப் பாக்கறேன் மேடம்."

"போடுங்க."

ஏழுமலை இரண்டாவது தடவையாக ஆரணியிலிருந்து கிளம்பியிருந்தார். "மணிக்கூண்டு... ரைஸ்மில்லு..." என்றார். "ரைஸ்மில்லு" என்று மறுபடி சொன்னார். அப்புறம் "ரைச்சு..." என்று இழுத்தார். நான் "ம்" என்றேன். வாத்திடமிருந்து சத்தம் வரவில்லை. துணியைத் தூக்கி இடது கையைப் பார்த்தேன். விரல்கள் வாத்தின் மேல் சும்மா கிடந்தன.

"பஷீர், எடுங்க! எடுத்துடுங்க!"

கிளாம்ப் எடுத்தார். மேரி சிஸ்டர் கையில் இருந்த கத்தரிக்கோலை வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு, கீச்.

"கூட்ரோடு" என்றார் ஏழுமலை, தெளிவாக, எதுவும் நடக்காதது போல.

4. போளூரில் நின்ற வண்டி

"என்ன செய்யலாம் மேடம்? கிளாம்ப் இல்லாம இழுத்துடட்டுமா?" பஷீரின் குரலில் முதல் தடவையாக அவசரம் இருந்தது.

"வேணாம். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

மூளைக்கு அடியில் எல்லாக் குழாய்களும் ஒரு வளையமாகச் சேர்கின்றன. ஒரு பக்கத்தை மூடினால் மறுபக்கத்திலிருந்து ரத்தம் சுற்றிக்கொண்டு வரும். நம் தெருக் குழாயில் தண்ணீர் நின்றால் அடுத்த தெருவிலிருந்து வருவது போல. ஆனால் அதற்கு மேலே டேங்கில் அழுத்தம் வேண்டும். ஏழுமலையின் பி.பி. ஊசிகளுக்குப் பிறகு கொஞ்சம் இறங்கியிருந்தது. வேறு ஆப்பரேஷனாக இருந்தால், வெட்டிய இடத்தில் ரத்தம் கம்மியாகக் கசியும் என்று நான் அதை அப்படியே விட்டு சந்தோஷப்பட்டிருப்பேன். இன்று அதை ஏற்ற வேண்டும். இதயமும் தாளம் தப்பி ஓடுகிறது, ஒரேயடியாக ஏற்றவும் முடியாது. மருந்தைத் துளித் துளியாக விட்டு, மானிட்டரையும் வாத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

"இப்ப போடுங்க."

கிளாம்ப் விழுந்தது. களம்பூர். கீச். ரயில்வே கேட்டு. கீச். முதல் தடவை குழறிய நேரத்தைத் தாண்டிப் போய்விட்டது. பேச்சு தெளிவாக இருந்தது.

"வண்டி நல்லா ஓடுது. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

பஷீர் கதீட்டரை உள்ளே விட்டார். பிரிவு வரைக்கும் போய் பலூனை ஊதினார். இழுக்கப் போகிறார். அந்த நேரத்தில் ஏழுமலை "போளூர்" என்றார். அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

துணிக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. "ஏழுமலை! பேசுங்க! ஏன் நின்னுட்டீங்க?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "போளூர் பஸ் ஸ்டாண்டு டாக்டர். டைம் கீப்பர் சொல்லாம வண்டிய எடுக்க முடியாது."

நான் "ம்" சொல்லாமலே வாத்து கீச் என்றது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேரி சிஸ்டர் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். பஷீர் மட்டும் கையை அசைக்கவில்லை. "டைம் கீப்பர் சொல்லிட்டாருங்க. ஜல்தி எடுங்க வண்டிய, நான் இங்க புடிச்சிகினு நிக்கறேன்" என்றார்.

"ரைட்! ரைட்!" என்று நானே குரல் கொடுத்தேன்.

வண்டி போளூரை விட்டுக் கிளம்பியது. பஷீர் இழுத்தார். வெல்லப்பாகு நிறத்தில், என் சுண்டுவிரலைவிட நீளமாக, கிளாட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே ரத்தம் பீறிட்டு பஷீரின் கவுனை நனைத்தது. அதை உடனே அடைக்கவில்லை. இரண்டு மூன்று துடிப்புகளுக்கு அப்படியே ஓடவிட்டார். உள்ளே தூள் ஏதாவது மிச்சம் இருந்தால் அதோடு வெளியே வந்துவிடட்டும் என்றுதான். பிறகு இன்னொரு தடவை பலூனை விட்டு இழுத்தார். ஒன்றும் வரவில்லை. கைப் பக்கத்துக்கும் பலூனைக் கீழே அனுப்பிச் சுத்தம் செய்தார். கைக்குழாயைத் தைத்து முதலில் கைக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டார். கழுத்தின் கிளாம்பை அதற்கப்புறம்தான் எடுத்தார். இந்த வரிசை முக்கியம். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஏதாவது மிஞ்சியிருந்தால் அது கைக்குப் போகட்டும், மூளைக்குப் போக வேண்டாம். விரல் நுனியில் ஒரு சின்ன அடைப்பைக் கை பொறுத்துக்கொள்ளும்.

நான் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து வலது கையைப் பார்த்தேன். வெளுத்திருந்த உள்ளங்கை சிவந்துகொண்டிருந்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன். தாளம் தப்பின துடிப்புதான், ஆனால் துடிப்பு.

"கையெல்லாம் எரியுது டாக்டர்" என்றார் ஏழுமலை.

"எரியட்டும், எரியட்டும். ரத்தம் வந்துடுச்சு."

"அப்ப நான் நிறுத்திக்கட்டா? கலசப்பாக்கம் தாண்டியாச்சு."

"திருவண்ணாமலை போய்ச் சேந்துட்டு நிறுத்துங்க" என்றார் பஷீர்.

வெளியே தணிகாசலம் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸையும் பயணிகளையும் வேறு ஆட்கள் வந்து ஓட்டிப் போய்விட்டார்கள், இவர் மட்டும் போகவில்லை. ஏழுமலையின் மனைவியும் வந்திருந்தார், புடவைத் தலைப்பை வாயில் வைத்தபடி.

"எங்க ஆளு பேசறானாம்மா?" என்று தணிகாசலம் எழுந்து வந்தார்.

"நிறுத்த மாட்டேங்கறாரு" என்றேன்.

அந்த அம்மாள் தலைப்பை எடுத்துவிட்டு, "அப்ப ஒண்ணும் பயமில்ல" என்றார்.

5. மறுநாள் காலை

மறுநாள் காலை பார்க்கப் போனபோது ஏழுமலை வலது கையால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கச் சொன்னேன், வாய் நேராக இருந்தது. இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன், சட்னியோடு நீட்டினார். பேரென்ன, ஊரென்ன, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"நேத்துலேர்ந்து நீங்க என்னையே பேச வெச்சிகினு கீறீங்க. இன்னிக்கு நீங்க பேசுங்க டாக்டர், நான் கேக்கறேன்" என்றார்.

எங்கள் தொழிலில் நோயாளியோடு பேச்சு என்பது, "ஆழமா மூச்சு இழுங்க" என்பதோடு முடிந்துவிடும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இதயம் ஏன் தாளம் தப்புகிறது, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை ஏன் ஒரு நாள்கூட விடக்கூடாது, எதற்கெல்லாம் உடனே வர வேண்டும் என்று சொன்னேன். நடுவில் கிளாம்ப் போட்டுப் பார்த்ததையும், வாத்து சத்தம் போடாமல் போனதையும் சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "எப்ப?"

"ரைஸ்மில்லு கிட்ட."

"இல்லையே டாக்டர். நான் அமுக்கிகினுதானே இருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது. விடாம அமுக்கினேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை கை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது.

இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து இட்லித் தட்டோடு சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு, அடைப்பைத் திறக்கும் முன் உடைகிற துணுக்கு எங்கே போகும் என்று யோசியுங்கள் என்று சொல்கிறேன். பி.பி.யைப் பற்றிச் சொல்கிறேன், எதை முதலில் திறப்பது என்று சொல்கிறேன். அதெல்லாம் கற்றுக்கொண்டுவிடலாம். கடைசியாக இதைச் சொல்கிறேன்: மூளைக்கு ரத்தம் குறைந்தால் அது வலிக்கிறது என்று கத்தாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அந்த மனிதருக்கே சொல்லிக்கொண்டிருக்கும். அவருக்குத் தெரியாததைப் பக்கத்தில் இருக்கிற ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே மானிட்டரில் எண்கள் எவ்வளவு அழகாக ஓடினாலும், துணிக்குள் தலையை விட்டு அந்த முகத்துக்குப் பக்கத்திலேயே இருங்கள்.